சூனியக்காரிக்கு ஓர் இரவல் குரல்

ஜூலை 4, வெள்ளி

பேசக்கூடாது. கிசுகிசுக்கக்கூடாது. செருமக்கூடாது. பாட்டு முணுமுணுக்கக்கூடாது. இருமல் வந்தால் தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட வேண்டும். இரண்டு வாரம்.

டாக்டர் இதையெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவரும் ஏதோ அவர் தொண்டையில்தான் கத்தி வைத்த மாதிரி வாயைத் திறக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குரல் நாணில் மிளகளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்ததாம். எடுத்தாயிற்று. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது வழக்கமாகச் செய்வதுதான் என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் கழித்து, வழக்கமாகச் செய்வதுதான் என்று மறுபடியும் சொன்னார். குரல் பழையபடி வருமா என்று நான் சைகையில் கேட்டதற்கு, "அத அப்புறம் பாப்போம் டீச்சர்" என்றார்.

நான் டைரி எழுதுகிற ஆள் இல்லை. எழுத என்ன மிச்சம் இருந்தது? எல்லாவற்றையும் பேசியே தீர்த்துவிடுவேன். இப்போது வாயை அடைத்தாயிற்று, உள்ளே இருப்பது எங்காவது வழிந்துதானே ஆக வேண்டும்.

ஜூலை 5, சனி

பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கணக்கு டீச்சர் பிரிசில்லா என் மூன்றாம் வகுப்பையும் சேர்த்து மேய்ப்பதாகச் சொல்லிவிட்டாள். அவள் பிள்ளைகளே ஒரு பட்டாளம், அதோடு என் பட்டாளமும். அந்தப் பெண்ணுக்குக் கோடிப் புண்ணியம்.

என் கவலை விளக்கணைச்சி.

விளக்கணைச்சி என்பது நான் உண்டாக்கிய சூனியக்காரி. அவள் பெயரில் ஓர் ஆட்டம் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். சென்னைக்கு ஒரு பயிற்சிக்குப் போனபோது விடுதியில் கூட இருந்த பெண் இந்த மாதிரி ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம்: ஒருத்தர் பூசாரி, ஒருத்தர் மருத்துவச்சி, ஒருத்தர் திருடன். ஒருத்தர் மட்டும் ஆட்டத்தை நடத்துவார். "இருட்டிவிட்டது, பனங்காட்டுக்குள் யாரோ விசும்புகிற சத்தம், என்ன செய்யப் போகிறாய்?" என்று அவர் கேட்க, மற்றவர்கள் தங்கள் பாத்திரமாகவே பதில் சொல்ல, கதை அது பாட்டுக்கு வளரும். ஜெயமா தோல்வியா என்பதற்குச் சோழி உருட்டிப் பார்ப்போம். என் ஆட்டத்தில் ஒத்தப்பனை என்கிற ஊரில் நாளுக்கு ஒரு வீட்டு விளக்கு அணைந்துபோகும். ஏற்றினால் எரியாது. அணைக்கிறவளைத் தேடிப் போக வேண்டும்.

நடத்துகிற ஆள் நான். பேய், கடைக்காரன், அழுகிற குழந்தை, ஆந்தை, சூனியக்காரி, எல்லாக் குரலும் என் ஒரு தொண்டைதான். அதைத்தான் இப்போது அறுத்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு மதுரையில் இந்த மாதிரி ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள். விளக்கணைச்சியை முதல் தடவையாக வெளியாட்கள் ஆடிப் பார்க்கப்போகிறார்கள். அந்தத் தேதியை வாங்க எத்தனை பேரிடம் வாய் வலிக்கப் பேசினேன்! பேசிப் பேசியே வாய் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 6, ஞாயிறு

பிரிசில்லாவும் ஜெராக்ஸ் கடை காஜாவும் வழக்கம்போல நாலு மணிக்கு வந்தார்கள். வீட்டுக்காரர் வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு இந்தப் பேய் பிசாசு விளையாட்டெல்லாம் பிடிக்காது. பேர் நம்பிராஜன், வேலை லைன்மேன். பாளையங்கோட்டையில் பாதிப் பேர் வீட்டு விளக்கை நிஜமாகவே அணைத்து ஏற்றுகிறவர் அவர்தான், நான் கற்பனையில் அணைப்பதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

காஜா ஆட்டத்துக்கான படச் சீட்டுகளையெல்லாம் கெட்டி அட்டையில் அடித்து, மூலை உருட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தான். அவ்வளவு அழகு. தலையைத் தடவிக் கொடுத்தேன், வேறு எப்படி நன்றி சொல்ல?

சிலேட்டில் எழுதி ஆட்டம் நடத்திப் பார்த்தேன். பனங்காடு, விசும்பல், கரிய உருவம் எல்லாவற்றையும் எழுதி அழித்து எழுதுவதற்குள் பிரிசில்லா கொட்டாவி விட்டுவிட்டாள். கடைசியில் விளக்கணைச்சி வந்து, "உங்கள் குலத்தையே இருளாக்குவேன்" என்று எழுதிக் காட்டினேன்.

காஜா தலையைச் சொறிந்தான். "டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீங்க. சூனியக்காரி மிரட்டுத மாதிரி இல்ல. வீட்டுப்பாடம் குடுத்த மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கவும் கூடாது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"மதுரைய வேண்டாம்னு சொல்லிருவோமாக்கா?" என்று பிரிசில்லா கேட்டாள். அவளும் காஜாவும் ஆடத்தான் ஆடுவார்கள், நடத்த வராது. நான் சிலேட்டில் 'பார்ப்போம்' என்று எழுதினேன். டாக்டரிடமிருந்து கற்றுக்கொண்ட பதில்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கு நான் சாமியார் ஆனேன்.

பாயில் சோழியையும் சீட்டுகளையும் பரப்பி வைத்து விதிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு கோமு அக்கா மாவு வாளியோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி உலகா, மௌன விரதமா? சொல்லவேயில்லையே!"

சிலேட்டை எடுத்து 'தொண்டையில் ஆபரேஷன்' என்று எழுதுவதற்குள், "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியும். அது வேற, இது வேறலா" என்றாள். கண் சோழி மேலேயே இருந்தது. வாளியை ஓரமாக வைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லு."

'அக்கா, இது விளையாட்டு' என்று பெரிதாக எழுதிக் காட்டினேன்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீ எழுதுததெல்லாம் எனக்குப் புள்ளி புள்ளியாத் தெரியி. நானே உருட்டிக்கிடுதேன்."

உருட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ கேட்டாள். பிறகு ஒரு சீட்டை உருவினாள். நூறு சீட்டில் அவள் கைக்கு வந்தது வாய்க்கட்டு. ஒரு பெண்ணின் வாயைக் கறுப்பு நூலால் கட்டியிருக்கிற படம். ஆட்டத்தில் அதற்கு ஒரு முறை பேச்சை இழக்கிறாய் என்று அர்த்தம், அவ்வளவுதான். படம் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. அக்கா முகம் செத்துப் போய்விட்டது. வாளியைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டாள்.

மகள் கல்யாண விஷயமாக ஏதோ கேட்டிருக்கிறாள் போல. நாளைக்கு அவள் மகளைக் கூப்பிட்டுப் புரியவைக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

கோமு அக்கா கல் உப்பும் வற்றல் மிளகாயுமாக வந்து நின்றாள். எனக்குச் சுற்றிப்போட வேண்டுமாம். சுற்றியும் முடித்துவிட்டாள். அடுப்பில் போடப் போன கையை என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து தடுத்தார். யாரையும் எதற்கும் தடுத்துப் பேசாத மனுஷர்.

"அக்கா, நெடி ஏறுனா இருமிருவா. இருமுனா தையல்… உள்ள பச்சப்புண்ணுக்கா. தெரு முக்குல வச்சு எரிச்சுக்கிடுவோம், வாங்க."

இரண்டு பேருமாகத் தெருமுக்கில் குந்தி உட்கார்ந்து மிளகாயை எரித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்த அக்கா, "நெடியே இல்ல பாத்துக்கோ. அம்புட்டுக் கண்ணு ஒம்மேல" என்றாள்.

மகளுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்று சைகையில் சொன்னேன்.

"எம்மவளுக்கு என்ன? நான் ஒன் தொண்டைக்குல்லாட்டி கேட்டேன்!"

அவள் போனபிறகு நான் என்ன செய்தேன் என்பதை எழுதவில்லை. அழக்கூடாது என்பதும் டாக்டர் சொன்னதில் சேர்த்திதான்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் என் விதித்தாள்களை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கீழே வைத்துவிட்டார். பிறகு மறுபடியும் எடுத்தார்.

"ஏ உலகு, இந்த அம்மா எதுக்கு விளக்க அணைக்கா?"

'சூனியக்காரி. அதான்' என்று எழுதினேன்.

"அது சரி" என்றார். ஆனால் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அடுக்களையைப் பார்த்துப் பேசுவது போல, "மதுரைக்கு வேணும்னா நான் வாசிக்கட்டா?" என்றார்.

எனக்கு மறுபடியும் தலையணை தேவைப்பட்டது. பாவம், நல்ல மனசோடு கேட்கிற ஆளைப் பார்த்துச் சிரிப்பது பாவம். ஆனால் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வேண்டும் என்று கேட்கக்கூட என்னைப் பார்க்கிற மனுஷர். அவர் நாலு அந்நியர்களுக்கு நடுவில் சூனியக்காரியாகப் பேசுவதா?

வேறு ஆள் இல்லை. 'சரி' என்று எழுதினேன்.

ஜூலை 11, வெள்ளி

ஒத்திகை. விளக்கணைச்சியின் சாபத்தை வாசித்தார். நாளை காலை ஒன்பது மணி முதல் பராமரிப்புப் பணிகள் காரணமாக மின்தடை என்று மைக்கில் அறிவிப்பது மாதிரியே இருந்தது.

அங்கே கோபம், இங்கே சிரிப்பு, இந்த இடத்தில் நிறுத்தம் என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்கிறார். கடவுளே.

ஜூலை 13, ஞாயிறு

ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறோம். பிரிசில்லாவும் காஜாவும் தூங்குகிறார்கள். அவர் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து என் கையில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆட்டுகிற ரயிலில் எழுத்து கோணலாக வருகிறது, ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

ஒரு பெரிய கூடம். பத்துப் பன்னிரண்டு மேசைகள், எங்கே பார்த்தாலும் வாலிபப் பட்டாளம். எங்கள் மேசைக்கு நாலு பேர் வந்தார்கள். அதில் குட்டை முடி வைத்த பெண் ஒருத்தி, பெயர் தாரகை, பூசாரிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். நான் அவருக்குப் பின்னால் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தேன்.

முதல் அரைமணி நேரம் நரகம். ஒரு வரி வாசித்துவிட்டு, அடுத்த வரியைத் தேடி, சிவப்பு மையில் நான் எழுதியிருந்த 'இங்கே சிரிக்கவும்' என்பதையும் சேர்த்து வாசித்துவிட்டார். திருடனாக வந்த பையன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். எனக்குத் தொண்டைக்குள் சொற்கள் வந்து வந்து முட்டின. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும், மேசையைத் தூக்கி நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. வாயைத் திறந்தும் விட்டேன். பிரிசில்லா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு என் குரலுக்கு என்ன ஆகியிருக்குமோ. அவளுக்கு நான் பட்ட கடன் தீராது.

கடைசிக் கட்டம். பாழடைந்த பம்புசெட்டுக்குள் விளக்கணைச்சியை நாலு பேரும் வளைத்துவிட்டார்கள். தாரகை சோழி உருட்டினாள், எல்லாம் மல்லாந்து விழுந்தது. பெரிய ஜெயம். "நான் அவளக் கொளுத்துறேன்" என்றாள்.

என் விதிப்படி இந்த இடத்தில் சூனியக்காரி கூச்சலிட்டுச் சாபம் போட வேண்டும். அரைப்பக்கச் சாபம், நான் மூன்று மாதம் இழைத்தது. அவர் தாளைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"கொளுத்தும்மா" என்றார். அவருடைய சொந்தக் குரலில், வீட்டில் பேசுகிற அதே தணிந்த குரலில். "கொளுத்து. ஆனா ஒண்ணு. இத்தன வருசமா எல்லாரும் நான் என்ன செஞ்சிருவேன், என்ன செஞ்சிருவேன்னுதான் பயந்தாவ. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலியே."

போனைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான்.

தாரகை சோழியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "சரி, கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஒவ்வொரு விளக்கச் சுத்தியும் ஆளு இருக்கு. பேசுதாவ, சிரிக்காவ. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிருவேன். உள்ள எனக்குன்னு ஒரு எடம் கெடையாது. அதான் அணைச்சேன். இருட்டாயிட்டா எல்லாரும் ஒண்ணுபோலதான?"

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப்பிறகு யாரும் சோழியைத் தொடவில்லை. நாலு பேரும் தங்களுக்குள் பேசி, ஊர் நடுவில் விளக்கேற்றி, பாயில் ஓர் ஆள் உட்காருகிற இடத்தைக் காலியாக விட்டு, அவளைக் கூப்பிட்டார்கள். விளக்கணைச்சி வந்து உட்கார்ந்தாள். எல்லா விளக்கும் எரிந்தது.

தாரகை எழுந்துபோகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இது உங்க ஆட்டமா?" என்றாள். "இல்லம்மா, இவுக ஆட்டம்" என்று என்னைக் காட்டினார்.

'எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலியே' என்ற அந்த வரி என் விதியில் எங்கேயும் இல்லை. நல்ல வரி. என் அரைப்பக்கச் சாபத்தைவிட நல்ல வரி. எங்கிருந்து பிடித்தார் என்று தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

விதியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் விளக்கணைச்சியைக் கொல்ல முடியாது. கேட்கத்தான் முடியும். பேயோட்டுகிற இடத்திலேயே முதலில் "நீ யாரு, ஒனக்கு என்ன வேணும்" என்றுதானே கேட்பார்கள், எனக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று?

அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சிலேட்டை நீட்டினேன். 'அந்த யோசனை எப்படி வந்தது?'

"சும்மாதான்" என்றார்.

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக இந்த நேரத்தில் நான் அடுத்த விஷயத்துக்குத் தாவியிருப்பேன். தாவ வாய் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஒன்றைக் கேட்கலாம் என்று தோன்றியது. அழித்துவிட்டு எழுதினேன்: 'ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்கே போவீங்க?'

"ஜங்ஷனுக்கு."

'என்ன வேலை?'

"வேல என்ன? பெஞ்சில உக்காந்து ரயிலப் பாத்துக்கிட்டு இருப்பேன். நீங்க எந்திரிக்கப் போற நேரம் பாத்து வந்துருவேன்."

'உங்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்காதுல்ல?'

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புடிக்கும். நீ ஆந்த மாதிரிக் கத்துவல்லா, அது தெருவுக்கே கேக்கும். ஜங்ஷனுக்குப் போறதுக்கு முன்னால மாடிப்படிக்குக் கீழ நின்னு கொஞ்ச நேரம் கேட்டுட்டுத்தான் போவேன்."

பிறகு கை கழுவ எழுந்து போய்விட்டார். சிலேட்டு என் மடியில் இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு எழுதி அவர் மேசையில் சாய்த்து வைத்தேன்: 'வர்ற ஞாயிறு எங்கேயும் போகக்கூடாது.'

இந்த மிளகளவுச் சதைக்கு நான் நன்றி சொல்லலாமா என்று யோசனையாக இருக்கிறது. பரிசோதனை முடிவு வரட்டும், அப்புறம் சொல்லுகிறேன்.

ஜூலை 16, புதன்

சாதாரணக் கட்டிதான். வேறு ஒன்றுமில்லை.

அவர்தான் போய் வாங்கி வந்தார். செய்தியைச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் முகம் கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கோமு அக்கா மிளகாய்தான் காரணம் என்கிறாள், பிரிசில்லா அவள் ஜெபம் என்கிறாள், காஜா பள்ளிவாசலில் துஆ கேட்கச் சொல்லியிருந்தானாம். யாரையும் நான் மறுக்கப் போவதில்லை. இவ்வளவு பேர் எனக்காகக் கேட்டிருக்கிறார்கள் என்பதே தலையைச் சுற்றுகிறது.

மிளகளவுச் சதையே, உனக்கும் நன்றி. திரும்பி மட்டும் வந்துவிடாதே.

ஜூலை 18, வெள்ளி

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "புண்ணு நல்லா ஆறிட்டு. பேரச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"உலகம்மாள்" என்றேன்.

நான் சொல்லவில்லை. வேறு யாரோ சொன்னார்கள். கட்டையாக, அடியில் மணல் கிடக்கிற மாதிரிக் கரகரப்பாக, ஆண்குரலுக்குப் பக்கத்தில் நிற்கிற குரல். குழந்தைக் குரல் போட்டுப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. ஆந்தையும் வரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்றார். மேல் ஸ்தாயிக் குரல்கள் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். இந்த வாரம் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்தான் பேசலாம்.

உயிருக்குப் பயமில்லை, மூன்றாம் வகுப்பை அதட்ட இந்தக் குரல் தாராளம். நன்றிகெட்டவளாக இருக்கக்கூடாது என்றுதான் ஆட்டோவில் ஏறும்வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏறி உட்கார்ந்ததும் முடியவில்லை. இருபது குரல் குடியிருந்த வீட்டில் ஒன்றையும் காணோம். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தாமிரபரணிப் பாலம் தாண்டியதும் அவர் என் பக்கம் குனிந்தார்.

"ஏ உலகு. இந்தக் குரல்ல நம்ம ஆட்டத்துல ஒருத்தருமே இல்லையே. புதுசா ஒரு ஆள எழுதணும்லா?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நல்ல மரம் ஒன்றைப் பார்த்த தச்சன் மாதிரி ஆசையோடு, அடுத்த வார்த்தைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தொண்டையிலிருந்து அந்தக் கரகரப்பு வந்தபோது ஆட்டோக்காரர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார்.

"விளக்கணைச்சிய நீங்களே வச்சுக்கிடுங்க" என்றேன். "இவ எனக்கு."